முப்பத்தெட்டு சாட்சிகளும் முதலாண்டு உளவியல் வகுப்பும்

வேதியியல் முதலாண்டில் சேரும் மாணவருக்கு பென்சீன் வளையத்தைப் பற்றிச் சொந்தக் கருத்து எதுவும் இருக்காது. உளவியலில் சேருபவர் அப்படி வருவதில்லை. பதினெட்டு ஆண்டுகள் மனிதர்களோடு பழகிய அனுபவமும், அதில் தானாகச் சேர்ந்த நம்பிக்கைகளும் அவரோடு வகுப்புக்குள் நுழைகின்றன. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் நாம் பயன்படுத்துகிறோம், கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் அது அடங்கிவிடும், பௌர்ணமியன்று மனநோய் முற்றும், பொய் சொல்பவனை அவன் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும் என்பவை அவற்றில் சில. (பௌர்ணமி நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று; மேலை நாட்டு மருத்துவமனைச் செவிலியரிடமும் அது உண்டு.) இவை எதற்கும் ஆய்வின் ஆதரவு இல்லை. ஸ்காட் லிலியன்ஃபெல்டும் வேறு மூன்று உளவியலாளர்களும் இத்தகைய ஐம்பது நம்பிக்கைகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் சான்றுகளோடு மறுத்து 2010இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். ஆக, இளநிலை வகுப்பில் உளவியல் நடத்துபவர் முன்னால் இருப்பவர்கள், தமக்குப் பாதி தெரியும் என்று நம்புகிறவர்கள். அவர்களுக்கு நாம் பொதுவாகக் கொடுப்பது இன்னொரு பட்டியல். ஃப்ராய்ட் சொன்னது, பியாஜே சொன்னது, மாஸ்லோ சொன்னது. அறிஞர் பெயர், ஆண்டு, கோட்பாடு, அதன் நிலைகள். பழைய நம்பிக்கைகள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே புதியவை சில சேர்ந்துகொள்கின்றன. ஒரு முடிவு எப்படி எட்டப்பட்டது, அதை எவ்வளவு நம்பலாம், எங்கே அது உடைந்தது என்பதுதான் இளநிலை உளவியலின் முதல் பாடமாக இருக்க வேண்டும். முடிவுகளின் பட்டியல் அதற்கு அடுத்தபடி.

சமூக உளவியல் பாடத்தில் எந்த நாட்டிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 1964 மார்ச் 13 அதிகாலையில், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கொலையை 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடப் போலீசுக்குப் போன் செய்யவில்லை என்றது அந்தச் செய்தி. நகரத்து மனிதனின் கல்நெஞ்சுக்குச் சான்றாக அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது, பாடநூல்களுக்குள்ளும் ஏறியது. 2007இல் ரேச்சல் மானிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகிய மூவர் வழக்கு ஆவணங்களைப் பார்த்து எழுதிய கட்டுரை வேறு ஒரு நிகழ்ச்சியைக் காட்டியது. 38 பேர் நின்று பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் தாக்குதல் தெருவில் நடந்தது. சன்னலிலிருந்து ஒருவர் அதட்டியதும் கொலைகாரன் விலகிப் போனான். இரண்டாவது தாக்குதல் ஒரு கட்டடத்தின் மாடிப்படி அருகே, பெரும்பாலானோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, உயிர் பிரியும் நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். போலீசை அழைத்ததாகச் சொன்னவர்களும் உண்டு. கொலை நடந்த 1964இல் அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணே கிடையாது. அது 1968இல்தான் வந்தது. கொலைகாரன் சிறையில் இறந்த 2016இல், தன் பழைய செய்தி குறைபாடுடையது என்று அந்த நாளிதழே எழுதியது.

கதை விழுந்தால் அதிலிருந்து பிறந்த அறிவியலும் விழுந்ததா? வகுப்பறைக்கு உண்மையான வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியாக ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கும்; அது முன்பே பதிவு செய்யப்பட்ட குரல். இதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு ஓய்வதற்குள் எழுந்து உதவி தேடினார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிச் செய்தவர்கள் 31 சதவீதம். இந்த எண்கள் நாளிதழ்ச் செய்தியை நம்பி நிற்கவில்லை, ஆய்வகத்தில் அளக்கப்பட்டவை. கூட்டம் கூடினால் உதவி குறையும் என்று பாடநூல் ஒரே வரியில் முடிப்பதும், தேர்வில் ‘வேடிக்கை பார்ப்போர் விளைவை விளக்குக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பதும் இந்தச் சோதனையை வைத்துத்தான்.

அந்த ஒரு வரியில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 31 சதவீதம் என்பது ஒவ்வொரு தனிமனிதரும் எழுந்து வருவதற்கான வாய்ப்பு. வலிப்பில் கிடப்பவருக்கு யார் வந்தால் என்ன, யாராவது ஒருவர் வந்தால் போதும். உண்மையிலேயே ஐந்து பேர் தனித்தனி அறைகளில் இருந்து, ஒவ்வொருவரும் வராமல் போகும் வாய்ப்பு 69 சதவீதம் என்றால், ஐவருமே வராமல் போகும் வாய்ப்பு 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைக்கும். ஏறக்குறைய 16 சதவீதம். அதாவது ஒருவராவது வருவதற்கான வாய்ப்பு 84 சதவீதம். தனியாக ஒருவரே இருந்தபோது கிடைத்த 85க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஒவ்வொருவருடைய பொறுப்புணர்வும் கரைகிறது என்பது உண்மை. ஆனால் கூட்டத்தில் விழுந்தவர் கைவிடப்படுவார் என்ற முடிவு அதிலிருந்து வராது. தெருவில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ரிச்சர்ட் ஃபில்பாட்டும் உடன் ஆய்வாளர்களும் இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தகராறுகளை ஆராய்ந்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, பத்தில் ஒன்பது தகராறுகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் கூடக் கூட, யாராவது தலையிடும் வாய்ப்பும் கூடியது. செய்தியை வைத்து எழுப்பிய கதை, ஆய்வகச் சோதனை, எளிய நிகழ்தகவுக் கணக்கு, தெருக் காட்சி என நான்கு வகைச் சான்றுகளை எடைபோட இரண்டு வகுப்பு நேரம் பிடிக்கும். ஒரு அலகின் மற்ற நான்கு தலைப்புகளை விரைவாகக் கடக்க வேண்டி வரும். அந்த இழப்பை ஏற்கலாம் என்பது என் முடிவு.

ஏற்கத்தான் வேண்டும், ஏனென்றால் பாடநூலின் மற்ற தலைப்புகளும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. உளவியலின் முன்னணி இதழ்களில் 2008இல் வெளியான ஆய்வுகளிலிருந்து 100ஐ எடுத்து மீண்டும் செய்துபார்த்த கூட்டு முயற்சி ஒன்றின் முடிவுகள் 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தன. மூல ஆய்வுகளில் 97 சதவீதம், இது தற்செயலாக வந்த முடிவாக இராது என்று புள்ளியியல் சோதனையில் தேறியவை. மறுமுறை அந்தத் தேர்ச்சி கிடைத்தது 36 சதவீதத்துக்கு மட்டுமே. நம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குப் பிடித்தமான மார்ஷ்மெல்லோ மிட்டாய்ச் சோதனையும் தப்பவில்லை. மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் படிப்பில் சிறக்கும் என்ற முடிவு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் படித்த சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளைப் பின்தொடர்ந்து எட்டப்பட்டது. 2018இல் டைலர் வாட்ஸும் வேறு இருவரும் 900க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது; குடும்பப் பின்னணியையும் குழந்தையின் தொடக்ககால அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஃபிலிப் சிம்பார்டோவின் 1971ஆம் ஆண்டுச் சிறைச் சோதனையில், காவலர்களாக நடித்தவர்கள் தாமாகவே கொடூரமானவர்களாக மாறவில்லை, எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதை ஆவணக் காப்பகத்தில் கிடைத்த சான்றுகளோடு தீபோ லெ தெக்சியே 2019இல் காட்டினார்.

இதையெல்லாம் பதினெட்டு வயதில் சொன்னால், உளவியலே பொய் என்று மாணவர் கைகழுவிவிட மாட்டாரா? நியாயமான அச்சம். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வில்லியம் சோப்பிக்கும் உடன் ஆசிரியர்களும் மறுசோதனையில் முடிவுகள் தேறாமல் போகும் இந்த நெருக்கடி பற்றி இளநிலை மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுத்து, முன்னும் பின்னும் அவர்களுடைய கருத்தைக் கேட்டு 2018இல் எழுதினார்கள். உளவியல் ஆய்வுகள் மீதான நம்பிக்கை சற்றே குறைந்தது. அதே நேரத்தில், உளவியல் இயற்கை அறிவியல்களைப் போன்றதுதான் என்ற எண்ணம் கூடியது. ஒரு வகுப்பின் உடனடி விளைவு மட்டுமே அது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். சந்தேகத்தை மட்டும் ஊட்டி நிறுத்தும் ஆசிரியர் பாதி வேலையைத்தான் செய்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எது நின்றது என்பதையும் அவர் காட்ட வேண்டும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தன் நினைவாற்றலை மட்டுமே அளந்து வரைந்த மறதிக் கோட்டை 2015இல் மீண்டும் அளந்தபோது ஏறக்குறைய அப்படியே கிடைத்தது. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும் என்று ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் காட்டியதை இன்று எந்த வகுப்பிலும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 13 விளைவுகளைச் சோதித்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் பத்து நின்றன.

முதலில் அடிப்படை, பிறகுதான் விமர்சனம் என்பது இன்னொரு மறுப்பு. ஆய்வு முறையும் புள்ளியியலும் முதுகலைக்கு உரியவை என்று பல கல்லூரிகள் கருதுவதும், இளநிலையில் அவற்றை மாணவர் எப்படியாவது தாண்டிவிட வேண்டிய தாளாக நினைப்பதும் இந்த எண்ணத்தால்தான். சான்று எதிர்த்திசையில் இருக்கிறது. டாரின் லேமனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் மிச்சிகன் பல்கலைக்கழக இளநிலை மாணவர்களை முதலாண்டிலும் நான்காம் ஆண்டிலும் சோதித்து 1990இல் எழுதினார்கள். கேட்கப்பட்டவை பாடக் கேள்விகள் இல்லை. அன்றாட வாழ்க்கையில் ஒரு தகவலைக் கேட்டால் அதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது என்ற வகைக் கேள்விகள். உளவியலும் சமூக அறிவியலும் படித்தவர்களிடம் இந்தத் திறன் பெரிதும் வளர்ந்திருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் செய்த ஆய்விலும் உளவியல் மாணவர்கள் முன்னேறினார்கள், வேதியியல் மாணவர்கள் இந்த வகையில் முன்னேறவில்லை. வேதியியல் பெரும்பாலும் உறுதியான காரண காரியத்தோடு வேலை செய்கிறது. ஐம்பது பேரைக் கேட்டால் ஐம்பது விதமாக நடந்துகொள்ளும் பொருளோடு உளவியல் மல்லுக்கட்டுகிறது. ஆகவே மாதிரி, ஒப்பீட்டுக் குழு, தற்செயல் ஆகியவை அதற்கு அன்றாடத் தேவை. கலைப் பிரிவிலிருந்து வருபவருக்குக் கணக்கு பயமாக இருக்கும் என்பார்கள். மேலே 0.69ஐ ஐந்து முறை பெருக்கியது பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

எடைமிக்க மறுப்பு மாணவர்களிடமிருந்தே வருகிறது. அவர்களில் பலர் இந்தப் படிப்புக்கு வருவது அடுத்தவர் துயரத்தைத் தீர்க்க. தேவையும் உண்மை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதையும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதையும் கண்டது. கவுன்சலிங் கற்க வந்தவரிடம் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காரணம் எளியது. ஆலோசனைக்கு வந்தவர் ஆறு வாரத்தில் தேறிவிட்டார் என்றால், அது ஆலோசனையாலா, காலத்தாலா, மிக மோசமான கட்டத்தில் வந்ததால் இயல்பாகவே மேலேறியதாலா என்று பிரித்தறியும் பயிற்சி இல்லாதவர், தன் கைராசியில் நம்பிக்கை வைத்து ஆண்டுக்கணக்கில் பயனற்ற ஒன்றைத் தொடர்ந்து செய்ய முடியும். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்பவர்களும், விரல் ரேகையை வைத்துக் குழந்தைக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று பணம் வாங்கிச் சொல்பவர்களும் நல்லெண்ணம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களிடம் இல்லாதது, தன் முடிவைத் தானே சோதிக்கும் வழக்கம்.

நம் நாட்டு வகுப்பறைக்கு இதில் கூடுதல் தேவை ஒன்று இருக்கிறது. வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து பரவிய துறை, ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா வழியாக 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறை 1943இல் தொடங்கியது. கருவிகளும் பாடநூல்களும் கேள்விகளும் கப்பலில் வந்தவை. நம் சமூகத்தோடு அவற்றுக்குப் பொருத்தம் போதவில்லை என்று துர்கானந்த் சின்ஹா பல ஆண்டுகள் வாதாடினார். ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் எண்ணிக் காட்டியபடி, அமெரிக்க உளவியல் கழகத்தின் முன்னணி இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேலைத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் உளவியல் வகுப்பு மாணவர்களே. நம் கல்லூரி ஆய்வகங்களில் முல்லர்-லையர் பலகை பொதுவாக இருக்கும். இரு கோடுகள் ஒரே நீளம். அம்புமுனை உள்நோக்கினால் ஒன்று, வெளிநோக்கினால் மற்றொன்று என நீளம் வேறுபட்டதுபோல் தெரியும். மாணவர் பிழையை மில்லிமீட்டரில் அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுவார். அதே படத்தை மார்ஷல் செகாலும் வேறு இருவரும் பல நாட்டு மக்களிடம் காட்டியதையும், கலஹாரிப் பாலைவன வேட்டையாடிகளிடம் அந்த மாயை ஏறக்குறைய எடுபடவே இல்லை என்று 1966இல் எழுதியதையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கண்ணின் அமைப்பு என்று நினைத்தது வளர்ந்த சூழலாகவும் இருக்கலாம் என்ற ஐயம் அந்த மரப்பலகையிலேயே கிடக்கிறது. இதற்கு மாற்றாக, பழைய நூல்களில் எல்லாம் முன்பே சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு அலகைச் சேர்ப்பது பயன் தராது. அந்த நூல்களின் கூற்றுகளையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால்தான் பயன்.

தேர்வு மாறாமல் இவை எதுவும் மாறப்போவதில்லை. துறையே தன் கண்டுபிடிப்பைக் கடைப்பிடிக்காதது இங்கேதான். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்தது 40 சதவீதம்; ஒரே முறை படித்து மூன்று முறை தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் நினைவுகூர்ந்தது 61 சதவீதம். இந்த ஆய்வைப் பாடமாக நடத்திவிட்டு, பருவ இறுதியில் ஒரே ஒரு மூன்று மணி நேரத் தேர்வு வைக்கிறோம். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாமுவேல் காஸ்லிங்கும் 901 பேர் இருந்த அறிமுக உளவியல் வகுப்பில் ஒவ்வொரு நாளும் சிறு தேர்வு வைத்து, உடனே விடையையும் காட்டினார்கள். முந்தைய ஆண்டுகளில் கேட்ட அதே கேள்விகளை வைத்து ஒப்பிட்டபோது மதிப்பெண் அரைத் தரம் உயர்ந்தது. வசதியுள்ள குடும்பத்து மாணவருக்கும் மற்றவருக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது என்று 2013இல் எழுதினார்கள். முன்னைய ஆண்டு மாணவர்களோடு ஒப்பிட்டதே தவிர, மாணவர்களைச் சீட்டுப் போட்டு இரு குழுவாகப் பிரித்துச் செய்ததன்று என்பதால் இதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். இணைப்புக் கல்லூரி ஆசிரியருக்கு வினாத்தாள் அவர் கையில் இல்லை, அது உண்மைதான். அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. வாரம் ஒரு பத்து நிமிடத் தேர்வில், நாளிதழில் வந்த ஒரு ‘ஆய்வு சொல்கிறது’ செய்தியைக் கொடுத்து, எத்தனை பேரை வைத்துச் செய்தது, யாரோடு ஒப்பிட்டது, வேறு விளக்கம் உண்டா என்று கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தாளைத் திருத்துவதுதான் சுமை. மாணவர்களே மாற்றித் திருத்திக்கொள்ளலாம், அதுவும் ஒரு பயிற்சி.

பிளஸ் டூ முடித்து உளவியலில் சேர நினைப்பவர்களும் பெற்றோரும் கல்லூரியில் கட்டண விவரத்தோடு சேர்த்து இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வு முறையும் புள்ளியியலும் எந்தப் பருவத்தில் வருகின்றன, மாணவர்கள் தாமே திட்டமிட்டு நடத்தும் சோதனை ஒன்றாவது உண்டா. வழக்கமான பி.எஸ்சி., பி.ஏ. உளவியல் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளராக ஆக்காது என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பும் பதிவும் வேண்டும்.